எல்லோரும் பார்த்த படம்

கதவைத் தட்டாமல் உள்ளே போய், சோபாவில் கணவனுக்கும் அவன் மகளுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

டிவியில் ஒரு பழைய படத்தில் நடித்தவர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கணவன் பதறிப்போய் ரிமோட்டைத் தேடினான். அது அவன் மடியிலேயே இருந்தது.

"நானும் பாக்கப் போறேன். நிறுத்தினீங்கன்னா நல்லா இருக்காது" என்றாள்.

அந்தப் படத்தைப் பார்க்காத ஆள் ஊரிலேயே அவள் ஒருத்திதான். படம் வந்தபோது பிறந்தே இராதவர்கள்கூட அதன் வசனத்தைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவள் பல் ஆஸ்பத்திரியில் பல் செட் செய்பவள். அங்கே ஒருநாள் பேச்சுவாக்கில், பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டாள். பல் அச்சு எடுக்கிற பசையை வாய் நிறைய வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியவர்கூட, பேச முடியாமல், கண்ணை அகல விரித்து அவளைப் பார்த்தார்.

பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன் என்றாள். திமிர் என்று எல்லோரும் முடிவு கட்டிக்கொண்டார்கள்.

அந்தப் படம் வீட்டுக்குள்ளேயே அவளுக்கு இருந்த எதிரி. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவள் இந்த வீட்டுக்கு இரண்டாவது மனைவியாக வந்தவள். முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகள் கைக்குழந்தை. இப்போது அப்பாவின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். இவளைச் சித்தி என்று கூப்பிடுவாள். சண்டை சச்சரவு கிடையாது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் குரலை உயர்த்தியதே இல்லை. குறை சொல்ல ஒன்றும் இல்லாத குடும்பம்.

ஆனால் மாதத்தில் ஏதாவதொரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஹால் கதவு சாத்திக்கொள்ளும்.

அதே படம். அதே பாட்டு. பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து கேட்கும். மறுபடியும் நிற்கும். அவள் அடுப்படியில் நின்று, ஏற்கெனவே துலக்கிய பாத்திரத்தையே துலக்கிக்கொண்டிருப்பாள்.

நீயும் வா என்று ஒரு வார்த்தை யாரும் கூப்பிட்டதில்லை.

கூப்பிடாத இடத்தில் எட்டிப் பார்ப்பதில்லை என்பது அவள் ரோஷம். அதனால் வேறு எங்கேயும்கூட அந்தப் படத்தை அவள் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி டிவியில் வந்தால், காத்திருப்பவர்கள் முனகினாலும் சேனலை மாற்றிவிடுவாள்.

இன்றைக்கு அந்த ரோஷம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. நான் ஏன் வெளியே நிற்க வேண்டும்? இதுவும் என் வீடுதானே. அந்த சோபாவுக்கு உறை தைத்துப் போட்டதே நான்தானே. ஈரக்கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

படம் ஓடியது. நல்ல படம்தான் போலிருக்கிறது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரும்தான், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

பாட்டு வந்தது.

கதாநாயகி முன்னால் ஆட, அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகப் பெண்கள் ஆடினார்கள். கணவனின் விரல் ரிமோட்டில் நகர்ந்தது. பாட்டைத் தள்ளிவிடப் பார்த்தான். அவள் வெடுக்கென்று ரிமோட்டைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தாள்.

இரண்டாவது வரிசையில், இடது ஓரத்தில், ஒரு பெண் சுழன்று திரும்பிச் சிரித்தாள். ஒரு தெத்துப்பல் எட்டிப் பார்த்தது.

அந்தப் பல்லை அவளுக்குத் தெரியும். தினமும் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து காபி கேட்கிற பல். க்ளிப் போட்டு நேராக்கிவிடலாம், எங்கள் டாக்டரே செய்வார், வலிக்காது என்று எவ்வளவோ கெஞ்சியும், வாயைத் திறக்கவே மாட்டேன் என்று மகள் பிடிவாதம் பிடித்த பல்.

கதாநாயகி குறுக்கே வந்து மறைத்துவிட்டாள். அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்தாள்.

கணவன்தான் மெதுவாகச் சொன்னான்.

"நீதான சொன்ன, கல்யாணத்துக்கு முன்னாடியே. இவ அம்மாவோட பேச்சோ, அவ படமோ இந்த வீட்ல இருக்கக் கூடாதுன்னு."

சொல்லியிருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை என்று, தலை நிமிர்ந்து, கொஞ்சம் பெருமையாகவே சொல்லியிருந்தாள். அவர்களும் அதைக் காப்பாற்றிவிட்டார்கள். சுவரில் ஒரு ஆணியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டதும் அதற்காகத்தான்.

பாட்டு முடிந்து கதாநாயகன் ஏதோ பேசிக்கொண்டிருந்தான். எல்லோரும் சொல்லிக்காட்டும் அந்த வசனமாக இருக்கலாம். அவள் காதில் விழவில்லை.

அவளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. யார் முன்னாலும் அழுதும் பழக்கமில்லை. எழுந்து போய்விடுவாள் என்று இரண்டு பேரும் எதிர்பார்த்தது அவளுக்கே தெரிந்தது.

காலை மேலே தூக்கி, சம்மணம் போட்டு, இன்னும் நன்றாக உட்கார்ந்துகொண்டாள். ரிமோட்டை மகளிடம் நீட்டினாள்.

"பாட்ட முதல்லேர்ந்து போடு. அக்காவ நான் சரியாவே பாக்கல."

மகள் அதை வாங்கி அமுக்கினாள்.

பாட்டு தொடங்கியது. மகள் எழுந்து போய் டிவிக்குப் பக்கத்தில் நின்றாள். திரையின் இடது ஓரத்தில், இன்னும் யாரும் வந்திராத இடத்தில், விரலை வைத்துக் காத்திருந்தாள்.