கையிலிருந்த கார்டு

தன்னால் சரிசெய்ய முடியாத கம்ப்யூட்டர் கோளாறே கிடையாது என்பது பரணிதரனின் நினைப்பு. நாவலூர் ஆபீசில் அவனுக்கு நெட்வொர்க் வேலை. அன்று மதியம், ஊரப்பாக்கத்தில் கீழ்வீட்டு விஜயகுமாரி எடுத்து வைத்த பழைய லினக்ஸ் லேப்டாப்பைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னாக்கா, காயலான் கடைக்குப் போடாம வெச்சினு கீற?"

"எம் புருஷனோடது. அந்தாளு மாரியே ஒண்ணுத்துக்கும் ஒதவாது. பொண்ணு காலேஜுக்கு இன்னிக்குள்ள அப்ளிகேஷன் அனுப்பணும், பாரு."

அவள் புருஷன் காசிநாதன் இரண்டு வருஷத்துக்கு முன் மாமல்லபுரம் கடலில் குளிக்கப் போனவன். உடல் கிடைக்கவில்லை.

பாஸ்வேர்டு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வயர்லெஸ் இணையவில்லை. கடைசியில் லேப்டாப்பின் பக்கவாட்டிலிருந்த வயர்லெஸ் கார்டை உருவிக் கையில் வைத்துக்கொண்டான். தான் கொண்டுவந்திருந்த லேப்டாப்பில், அந்த வீட்டு ரவுட்டரோடு யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தான்.

கையிலிருந்த கார்டின் முதுகில் அச்சிட்டிருந்த எண், அந்தப் பட்டியலில் இருந்தது. இணைப்பில் இருப்பதாகக் காட்டியது. சிக்னல் பத்து சதவீதம்.

ஒரு கார்டுக்கு ஒரே எண்தான். இன்னொன்றுக்கு அது வராது.

"டப்பா ரவுட்டரு, உளறுது," என்று மறுபடி பார்த்தான். முப்பது. இன்னொரு முறை பார்த்தான். அறுபது.

"கிட்ட வந்துகினே கீதுக்கா," என்றான்.

விஜயகுமாரி திரையைப் பார்த்தாள். எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டாள்.

"ஈரக் காலோட வூட்டுக்குள்ள வராதன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்," என்றாள், கதவைப் பார்த்து.