தேய்ந்த குதிகால்

எடை இயந்திரத்தில் ஏறும் முன் பதினைந்து வயது மகள் ஷூவைக் கழற்றுகிறாள், கைக்கடிகாரத்தைக் கழற்றுகிறாள், கடைசியில் தலையிலிருந்த கிளிப்பையும் எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைக்கிறாள். முள் ஆடி ஆடி, மூன்று மாதத்துக்கு முன் நின்ற அதே எழுபத்தெட்டில் வந்து நிற்கிறது. அம்மாவின் முகம் தொங்கிப்போகிறது. ரத்த அழுத்தமும் குறையாவிட்டால் இன்றே மாத்திரை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "இனிப்பைத் தொடலை, தினமும் நடந்தா..." என்று அம்மா ஆரம்பிக்க, நர்ஸ் மகளை நாற்காலியில் உட்காரவைத்து, புஜத்தில் அகலமான பட்டையைச் சுற்றியபடியே சொல்கிறாள்: "அஞ்சு நிமிஷம் பேசாம இருங்கம்மா. நீங்க வாயைத் திறந்தாலே இவளுக்கு பிரஷர் ஏறிடும்." மகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குகிறாள். ஜன்னல் வெயில் அவள் முழங்காலில் கிடக்கிறது. பட்டை இறுகி, புஸ்ஸென்று தளர்கிறது. போன தடவை நூற்று முப்பத்தாறு. "நூத்திப் பதினெட்டு," என்கிறாள் நர்ஸ், கீழே கிடக்கும் ஷூவின் தேய்ந்த குதிகாலைப் பார்த்தபடி. "எடை மெதுவா இறங்கட்டும். நடந்த நடை இங்க தெரியுது." அம்மா கிளிப்பைத் தானே மகளின் தலையில் குத்திவிடுகிறாள். வெளியே வந்ததும் லிஃப்ட் பட்டனை அழுத்தக் கை நீட்டுகிறாள். மகளோ அதற்குள் நாலு படி இறங்கிவிட்டாள். அம்மா நீட்டிய கையை மடக்கிப் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்கிறாள். "நில்லுடி, நானும் வரேன்."