இறங்காத முள்

டிரெய்லர் வீட்டுக் கூரையின் சோலார் பலகையில் மழைத்தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன் ஆறிப்போன டீயோடு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து டிரெய்லர்க்காரன் அணைந்துபோன போனை நீட்டுகிறான். "கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தாங்கண்ணே. வெயில் மூஞ்சியே காட்டல, எங்க பேட்டரி படுத்துடுச்சு. உங்களுது மட்டும் எப்படி நிக்குது?" உள்ளே பேட்டரி மீட்டரின் முள் நிறைவைத் தொட்டபடி அசையாமல் இருக்கிறது. "ரெண்டு பேருக்குக் கணக்குப் போட்டு வாங்கினது தம்பி. எங்க வீட்டுக்காரிக்குக் குளிர்லயும் ஃபேன் சுத்தணும்." அவன் எட்டிப் பார்க்கிறான். ஒரு படுக்கையில் கசங்கிய போர்வை. மற்றதில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத தலையணை. போனைக் கொடுத்துவிட்டுப் போகிறான். அவர் கதவைச் சாத்தி, ஸ்வெட்டர் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிறார். பிறகு அந்தத் தலையணைப் பக்கத்து ஃபேனைப் போட்டுவிட்டு, முள் கொஞ்சமாவது இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறார்.