கடைசிப் பேச்சு கம்பெனிக்கு

ராய்டன் ஸ்மை எழுந்து நின்றபோதே இமோஜன் ஃபர்னெலுக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

காலையிலிருந்து ஊர்க்காரர்கள் எல்லாரும் ஒரே பல்லவி. "நாங்க காற்றாலைக்கு எதிரி இல்லைங்க, ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்டுக் கேட்டே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. காற்றாலை வேண்டுமாம், அது கண்ணில் படாமல் நடுக்கடலில் இருக்க வேண்டுமாம், அதிலிருந்து மின்சாரமும் வர வேண்டுமாம். கரையேறி வரும் கேபிள் மட்டும் வேறு எவன் நிலத்திலாவது போய்த் தொலைய வேண்டுமாம்.

இமோஜன் காற்றாலைக் கம்பெனியின் வக்கீல். கடலில் காற்றாலை நட அரசாங்கத்திடம் அனுமதி வாங்கித் தருவதில் லண்டனில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அவளே அப்படித்தான் சொல்வாள்.

அனுமதிக்கான விசாரணை நடந்தது டன்ஃபீல்ட் ஊர்ப் பொதுக்கூடத்தில். தரையெல்லாம் பேட்மிண்டன் கோடுகள். மூலையில் டீயும், ஊர்ப் பெண்கள் வீட்டில் செய்து கொண்டுவந்த கேக்கும் இருந்தன. அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

ராய்டன் பன்றி வளர்ப்பவன். அந்தக் கேபிள் வந்து சேரும் சப்ஸ்டேஷன் வரப்போவது அவன் வீட்டுக் கொல்லையை ஒட்டிய வயலில். அனுமதி கிடைத்துவிட்டால் ராவும் பகலும் அதன் ரீங்காரத்தோடுதான் அவன் குடும்பம் நடத்த வேண்டும். வீட்டை விற்கலாம் என்றால் வாங்க நாதி இருக்காது.

அதற்கு என்ன செய்வது? யாரோ ஒருவன் வீட்டுக்குப் பின்னால் வந்துதானே தீரும்.

அவன் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. கோட்டுக் கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்க ஆரம்பித்தான்.

"இடத்தை முதல்ல முடிவு பண்ணிட்டாங்க. காரணத்தை அப்புறமாத் தேடியிருக்காங்க."

அடேயப்பா, நாடக வசனம்! இமோஜன் சிரித்தாள். மறைத்துக்கொள்ளவும் இல்லை.

மற்ற இடங்களை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை, சத்தத்தை அளந்த விதமே கோணல், ஊரைக் கேட்டதெல்லாம் கண்துடைப்பு என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். முடித்து உட்கார்ந்ததும் கூடமே கைதட்டியது. விசாரணை அதிகாரி ஹெட்லி கையமர்த்தினார்.

கடைசிப் பேச்சு எப்போதும் கம்பெனிக்கு. அது வழக்கம். இமோஜனுக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்ததே அதுதான்.

மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இவரைச் சொல்லிக் குத்தமில்லை சார். பாவம், யாரோ சொல்லிக் கொடுத்ததை ஒப்பிச்சிருக்கார். சொல்லிக் கொடுத்தவங்களைத்தான் சொல்லணும். முழுக்க வாய்ஜாலம். மருந்துக்குக்கூட சட்டம் இல்லை. சொல்லிக் கொடுத்தது ஒரு வக்கீலா இருந்தா, அந்த ஆள் பேசாம வேற பொழப்பு பாத்துக்கலாம்."

ஹெட்லி கண்ணாடிக்கு மேலாக ராய்டனைப் பார்த்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று சொல்ல விருப்பமா என்று கேட்டார்.

ராய்டன் எழுந்தான். காதெல்லாம் சிவந்திருந்தது.

"இந்தம்மாதாங்க."



"இந்த சப்ஸ்டேஷன் முதல்ல பக்கத்து ஊரு கெல்ஷமுக்குத்தான் வர்றதா இருந்துச்சு. அப்போ அது வேண்டாம்னு அந்த ஊர்க்காரங்களுக்காக வந்து பேசினது மேடம்தான். அந்தப் பேச்சு இன்னும் இணையத்துல கெடக்கு, யார் வேணா கேக்கலாம். நான் டிராக்டர்ல போட்டுப் போட்டுக் கேட்டேன். ஊர் பேரை மட்டுந்தான் மாத்தினேன். அன்னைக்கு கெல்ஷம் ஜெயிச்சிருச்சு. அதான் இப்போ எங்க கொல்லையில வந்து நிக்குது."

கெல்ஷம் என்ற பெயர் இமோஜனுக்கு ஞாபகம் வந்தது. பேசியதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. எத்தனையோ ஊருக்காகவும் பேசியாயிற்று, அந்த ஊர்களுக்கு எதிராகவும் பேசியாயிற்று. எதைத்தான் மனதில் வைத்துக்கொள்வது?

"மிஸ் ஃபர்னெல்," என்றார் ஹெட்லி. "அந்த வக்கீலைப் பத்திக் கடைசியாச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறீங்களா?"

வாபஸ் வாங்கினால், இந்தப் பன்றிக்காரன் பேசியது நியாயம் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். சப்ஸ்டேஷன் போச்சு. அது இல்லாமல் காற்றாலையும் போச்சு.

அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

"இல்லை சார். நான் சொன்னது சொன்னதுதான்."

ராய்டன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்தான்.

"அப்போ அந்த ஒரு விஷயத்துல நமக்குள்ள சண்டையே இல்லைங்க மேடம்."

இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயங்களின் பட்டியலில் ஹெட்லி அதைக் குறித்துக்கொண்டார்.