மெட்டிக் கீறல்

"எந்தக் கழுத இத ஒதைச்சுச்சு?"

பட்டறைக்கார வீரய்யா கேட்டதும் ஆண்டியப்பனுக்கு வேர்த்துவிட்டது. நுவரெலியாவில், அதுவும் மார்கழிக் குளிரில், ஒரு மனுஷனுக்கு வேர்க்கிறதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் கிடந்தது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் டேஷ்போர்டுப் பேனல். கார்பன் ஃபைபர். உள்ளே கறுப்பு நூலில் பாய் பின்னியதுபோல் இழை, மேலே கண்ணாடிப் பளபளப்பு. நட்டநடுவில் விரிசல். அதைக் கழற்றி, கம்பளியில் சுற்றி, மஸ்கெலியாவிலிருந்து ரெண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருந்தார் ஆண்டியப்பன்.

"பச்சப்புள்ளையச் சுத்துற மாதிரியில்ல சுத்தியிருக்கீங்க!"

"தேயிலைத் தோட்டத்துத் துரையோட வண்டி பாஸ். நான் டிரைவர். ஜாக்கி தவறி விழுந்துருச்சு. நாளைக்குக் காலையில துரை கொழும்பிலேருந்து வந்துருவாரு. இதப் பாத்தாருன்னா வேலை போச்சு. வேலை போனா குவாட்டர்ஸும் போச்சு, குடும்பத்தோட ரோட்டுலதான் நிக்கணும். நாலு மணி பஸ்ஸுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

வீரய்யா விரிசலில் விரலை ஓட்டி முகர்ந்து பார்த்தார்.

"மேல என்னத்த தடவுனீங்க?"

"ஷூ பாலிஷ்... தெரியாம இருக்கட்டும்னு."

"அட கடவுளே! இத எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகுமேய்யா!"

திட்டிக்கொண்டே தின்னரைத் துணியில் நனைத்துத் துடைக்க ஆரம்பித்தார். ஏப்ரல் சீசனில் மலையேற்றப் பந்தயத்துக்கு வரும் கார்களில் கை வைத்துப் பழகியவர். வேலை சுத்தம், வாய்தான் சுத்தமில்லை.

"வர்ற வழியில ஹட்டன்ல ஆளே இல்லையா?"

"இந்த ஃபைபர் வேலை உங்களுக்குத்தான் தெரியும்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

ஆண்டியப்பன் வாசலுக்குப் போய் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"இது ரெண்டு ஆள் வேலை. மகன் இருந்தான். மூணு வருஷத்துக்கு முந்தி யாரோ ஒரு புள்ளையக் கட்டிக்கிட்டு வந்து நின்னான். ஊரும் கேக்கல, பேரும் கேக்கல, வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன். அந்தப் பேச்ச விடுங்க, அந்த பல்ப இப்படித் திருப்புங்க."

பின்பக்கம் துணி வைத்து ரெசின் பசை பூசியாயிற்று. முன்பக்க விரிசலுக்குள்ளும் ரெசின் இறங்கியது. இனிக் காயணும். ஆண்டியப்பன் உட்கார்ந்தார், எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே இறங்கும் பனியைப் பார்த்தார். அப்புறம் காய்ந்துவிட்டதா என்று விரலை வைத்து அழுத்தியும் பார்த்தார்.

"கைய எடுய்யா!" வீரய்யா கத்தினார். "ரேகை விழுந்துருச்சு பாரு! கொஞ்ச நேரம் சும்மா இருக்கமாட்டியா?"

"மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குது பாஸ்."

ஒரு மணிக்கு வீரய்யா தண்ணீர் தொட்டு மண்தாள் தேய்க்க உட்கார்ந்தார். தேய்த்த கை சட்டென்று நின்றது. விரிசலுக்குப் பக்கத்தில், சின்ன வளையம் உரசியதுபோல், வளைந்து வளைந்து இன்னொரு மெல்லிய கீறல்.

"இங்க வாங்க. ஜாக்கி விழுந்துச்சுன்னு சொன்னீங்க?"

"ஆமாங்க."

"ஜாக்கி மெட்டி போட்டிருக்குமா?"

ஆண்டியப்பன் கம்பளியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"துரை இல்லாத நேரம் அவர் வண்டியில எந்தப் பொம்பளைய ஏத்திக்கிட்டுப் போனே? இந்த மாதிரிக் கேவலத்துக்கெல்லாம் நான் பூச்சுப் பூச மாட்டேன். எடுத்துக்கிட்டுக் கெளம்பு!"

மண்தாள் மேசையில் விழுந்தது. ஆண்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் மக பாஸ். நேத்து மத்தியானம் வலி எடுத்துருச்சு. தோட்டத்து ஆம்புலன்ஸ் வேற ஆள ஏத்திக்கிட்டுக் கண்டிக்குப் போயிருச்சு. லொறியும் இல்ல. துரை வண்டிச் சாவி என் கையில இருந்துச்சு. தூக்கி வச்சு ஓட்டிட்டேன். வலி தாங்காம ஒரு வளைவுல ஒதைச்சுட்டா."

வீரய்யாவின் குரல் இறங்கிப்போனது. "அந்த நேரத்துல புருஷன்காரன் எங்க போனான்?"

"ரெண்டு சீட்டு வண்டியாச்சே! மாப்பிள்ள வண்டி பின்னாலயே ஓடி வந்தாரு. ஆஸ்பத்திரி வரைக்கும் ஆறு கட்டை, முழுசா ஆறு மைலு. செருப்பு எங்க விழுந்துச்சுன்னே அவருக்குத் தெரியாது."

"ஓடியேவா வந்தான்?" வீரய்யா மண்தாளைத் திரும்ப எடுத்தார். "யாரு பெத்த புள்ளையோ, நல்லா இருக்கட்டும்."

அதற்கப்புறம் அவர் தலையே நிமிரவில்லை. ஈரக்காற்று பட்டால் பூச்சு வெளுத்துப்போகுமென்று கதவு ஜன்னலெல்லாம் சாத்தி, இருக்கிற பல்பையெல்லாம் எரியவிட்டார். பூசினார், காயவைத்தார், தேய்த்தார், மறுபடி பூசினார். சோறுகூடச் சாப்பிடவில்லை. மூன்றே முக்காலுக்கு பேனலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். விரிசலும் இல்லை, கீறலும் இல்லை.

ஆண்டியப்பன் அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். வீரய்யாவே அதைக் கம்பளியில் சுற்றி, பஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தார்.

"தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்கல்ல?"

"நல்லா இருக்காங்க பாஸ். பொம்பளப்புள்ள."

"வெவரம் தெரியாம கழுத கிழுதன்னு வாய விட்டுட்டேன். மனசு கேக்கல. நான் மன்னிப்புக் கேட்டதா உங்க மககிட்ட சொல்லுங்க."

பஸ் ஹோர்ன் அடித்தது. மிதிபலகையில் ஏறிய ஆண்டியப்பன், காலையிலிருந்து தொண்டையிலேயே நின்றதை ஒருவழியாகச் சொல்லிவிட்டார்.

"நீங்களே வந்து சொல்லுங்க, சம்பந்தி. அந்த மெட்டிய அவ கால்ல போட்டுவிட்டதே உங்க மகன் சுமன்தான்."