குதிகால் உயரம்

கறுப்பு வெள்ளைப் படக் காலத்து ஹாலிவுட்டில் ஒரு சிவப்புச் செருப்பும் ஒரு தங்கச் செருப்பும் இருந்தன. சிவப்பு, நடிகை வெரோனாவுடையது. தங்கம், அவளுக்குப் போட்டியான ரோஸலினுடையது.

"எங்கம்மாதான் உசரம். போஸ்டர்ல அவங்க பேருதான் முதல்ல வரும்" என்று சிவப்பு பீற்றிக்கொள்ளும். மறுநாளே ரோஸலின் தங்கச் செருப்பின் குதிகாலை உயர்த்திக்கொண்டு வருவாள். வெரோனா விடுவாளா? சிவப்பும் இன்னொரு விரற்கடை ஏறிவிடும்.

சேர்ந்து நடித்த படத்தின் கடைசிக் காட்சியை எடுத்த அன்று இருவரும் கழைக்கூத்தாடிகளைப் போலத் தள்ளாடினார்கள். விழாமலிருக்க ஒருத்தியை ஒருத்தி இறுக்கிக் கட்டிக்கொண்டார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடடா, என்ன பாசம்! இதுதான் எனக்கு வேணும்!" என்று டைரக்டர் துள்ளிக் குதித்தார்.

காட்சி முடிந்ததும் செருப்புகளை உதறிவிட்டு, இருவரும் வெறுங்காலோடு கைகோத்துக் காபி குடிக்கப் போனார்கள்.

சிவப்புக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "கேமரா அண்ணே, மறைக்காம சொல்லுங்க. நான் உசரமா, இந்தத் தங்கம் உசரமா?"

கேமரா முதன்முறையாகக் கீழே குனிந்து பார்த்தது.

"நான் இடுப்புக்கு மேலதான் எடுத்தேன். ஆமா, நீங்க ரெண்டு பேரும் யாரும்மா?"