வெளியூர் மேட்ச்

நவோமி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் கிளிஃபர்ட் கால்பந்து விளையாடும் லீக், அவன்மேல் வந்த புகாரை பத்து காவான் ஊரில் விசாரித்துக்கொண்டிருந்தது. 'மாதாவே, தடை மட்டும் போட்டுடக் கூடாது!'

போன் அடித்தது. தம்பி டெரிக்.

"அக்கா, சீசன் முழுக்கத் தடை!"

"வெளியூர் மேட்ச்?"

"ஒன்னும் கிடையாது லா."

"டிரெய்னிங்காச்சும்?"

"கிளப் பக்கமே போக முடியாது. பொண்டாட்டிய அடிச்சா சும்மா விடுவாங்களா? நான் புகார் கொடுத்தது வீண்போகலக்கா!"

"அவரு எங்கடா?"

"மூஞ்சி செவந்துபோய் காடிய வேகமா ஓட்டிக்கிட்டுப் போனாரு. இந்நேரம் பாலம் தாண்டி உங்க வீட்டுக்கிட்ட வந்திருப்பாரு. ஏன்க்கா அழுவுற?"

"அவரு வெளியூர் மேட்சுக்குப் போற அன்னிக்குத்தான்டா நான் பயமில்லாம தூங்குவேன். இனிமே தினமும் வீட்லதானே இருப்பாரு?"